பேய்ப்பட இசைக்குக் கிடைத்த முதல் அலறல்

பழைய கறுப்பு வெள்ளை மலாய்ப் பேய்ப்படம் ஒன்றின் பின்னணி இசையைச் சுத்தம் செய்வதுதான் ஒரு வருடமாக என் வேலை. பூஞ்சை பிடித்த நாடாவிலிருந்து ஒரு முழு வாத்தியக் குழுவையே மீட்டெடுத்தேன். இன்று அது இசைத்தட்டாக மறுபடி வெளிவந்தது.

கொண்டாட ஸ்கூடாயில் வழக்கமான மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன்.

"பாய், கடை ஸ்பீக்கர்ல இத கொஞ்சம் போடுங்களேன்," என்று கடைக்காரரிடம் கைப்பேசியை நீட்டினேன்.

வாழைமரத்துக்குப் பின்னாலிருந்து பேய் வரும் கட்டம். வாத்தியங்கள் எல்லாம் உறுமின. ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்த ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை.

"நல்லா இருக்கு தம்பி. கல்யாணத்துல பொண்ணு மேடைக்கு வர்றப்ப போடலாம் லா," என்றார் பாய்.

என் முகம் தொங்கிப்போனது.

அப்போது வயலின்கள் உச்சத்துக்கு ஏறின. பக்கத்து மேசை அக்கா வீலென்று அலறி நாற்காலிமேல் ஏறிவிட்டார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எழுந்துபோய்ச் சொன்னேன்:

"பயந்துட்டீங்களாக்கா? அந்த மியூசிக்க நான்தான் சரிபண்ணேன்."

"எந்த மியூசிக்கு? அலமாக், கால்ல பூனை உரசுது! மொதல்ல அத வெரட்டுங்க!"

விரட்டினேன்.

விளம்பரத்தில் 'கேட்டவர் அலறினார்' என்று போடலாமென்று இருக்கிறேன். பூனையைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகுமா? நீங்களே சொல்லுங்கள்.