கம்பி சுற்றும் வாத்தியாரின் வலைப்பூ

மோட்டாருக்குக் கம்பி சுற்றக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் தப்பு செய்தால் உடனே புகை வரும். கம்ப்யூட்டரில் தப்பு செய்தால் புகை வருவதில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். பாடம் நடத்த வந்த இடத்தில் 'அப்டேட்' பண்ணச் சொல்லி வதைக்கப்பட்ட வாத்திமார்களே, நீங்கள் படிப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது எட்டாவது. அரியலூரில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் வாத்தியாராகச் சேர்ந்தபோது பெரிய தாளாளர் என் கையைப் பார்த்தாரே தவிர சர்டிபிகேட்டைப் பார்க்கவில்லை. இந்த விஷயம் அவருக்கும், அன்று பக்கத்தில் நின்ற ஃபிட்டர் வாத்தியார் கலியபெருமாளுக்கும் மட்டும்தான் தெரியும். பிறகு என் மகளுக்குத் திருமானூரில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை திருச்சியில் கம்ப்யூட்டர் வேலை. பெண்ணின் அப்பா டிப்ளமா படித்தவர் என்று தரகர் அவர்களிடம் சொல்லிவைத்திருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. பூ வைக்க நாளும் குறித்துவிட்டோம். அந்த நேரம் பார்த்துத்தான் நிலையத்துக்கு இன்டர்நெட் வந்தது.

ஆளுக்கு ஒன்று

பெரியவர் காலமானதும் அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். பெங்களூரில் இருந்துவிட்டு வந்தவர். முதல் கூட்டத்திலேயே, இனி ஆசிரியர்கள் ஆளுக்கொரு வலைப்பூ எழுத வேண்டும், வாரம் ஒரு பதிவு கட்டாயம், உலகமே படிக்கும் என்றார். உலகத்தில் எங்கே மோட்டார் எரிந்தாலும் என்னிடமா கொண்டுவரப் போகிறார்கள்? மீன்சுருட்டி வரைக்கும் என்னைத் தெரிந்தால் எனக்குப் போதும். ஆனால் வேலை அவர் கையில் இருக்கிறதே.

எனக்கு டைப் அடிக்க வராது. கம்ப்யூட்டர் வாத்தியாரம்மா சுமதி மேடம் அடிப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். கம்பியின் கனம், சுற்றின் எண்ணிக்கை, வார்னிஷ் காயவேண்டிய நேரம் என்று நான்கு பத்தி சொன்னேன். மேடம் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "இப்படியே போனா அடிக்கிற எனக்கே தூக்கம் வருது சார். யாரையாச்சும் பத்தி எழுதுங்க, அப்பத்தான் ஓடும்."

ரகசியம்

பாஸ்வேர்டை யாராலும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. வெல்டிங் வாத்தியார் ஒரே வாரத்தில் மூன்று முறை மறந்தார். சின்னத் தாளாளர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் அடித்து, மேலே 'ரகசியம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கையெழுத்தும் வட்ட முத்திரையும் வைத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார். தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ் பாஸ் அறிவிப்புக்கும் நடுவில் எங்கள் ரகசியம் தொங்கியது.

ஆபீஸ் கிளார்க்கிடம் போய், பையன்கள் பார்ப்பார்களே என்றேன். அவர் ரெஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அதான் ரகசியம்னு தலைப்பே போட்டிருக்கோமே சார். அப்புறமும் படிச்சா அது அவன் ஒழுக்கம்."

சுரண்டாத கம்பி

அடுத்து, பாடமே கம்ப்யூட்டருக்குப் போனது. திரையில் ஒரு மோட்டார் தெரியும். மவுஸால் கம்பியை இழுத்துக்கொண்டுபோய் இணைத்தால் பாட்டுச் சத்தத்தோடு மோட்டார் ஓடும். எரியாது, ஷாக் அடிக்காது, கையில் வார்னிஷ் ஒட்டாது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வந்த பயிற்சி மாணவர் ஒருவர் அதில் முழு மதிப்பெண் வாங்கினார். சின்னத் தாளாளர் அவரோடு நின்று போட்டோ எடுத்து வலைப்பூவில் போட்டார். என் செய்முறை வகுப்பைப் பாதியாகக் குறைக்கலாமா என்று யோசிப்பதாகவும் என்னிடமே சொன்னார்.

மறுநாள் அந்த முழு மதிப்பெண்காரரிடம் ஒரு நிஜ மோட்டாரைக் கொடுத்தேன். சுற்று அழகாகத்தான் இருந்தது. சுவிட்சைப் போட்டால் ஒரு முனகல்கூட இல்லை. பிரித்துப் பார்த்தேன். கம்பி முனையில் இருக்கும் எனாமல் பூச்சைச் சுரண்டாமலே முறுக்கி வைத்திருக்கிறார். பூச்சுக்கு மேல் பூச்சு உரசினால் கரண்ட் எப்படிப் போகும்? கேட்டால் என்னையே திருப்பிக் கேட்டார்: "கம்ப்யூட்டர்ல சுரண்டச் சொல்லவே இல்லீங்களே சார். அதுல பக்கத்துல கொண்டுபோனாலே ஒட்டிக்குங்க."

தன்விவரம்

வலைப்பூவின் ஓரத்தில் நம்மைப் பற்றி நிரப்ப ஒரு கட்டம் உண்டு. பெயர், ஊர், அனுபவம் எல்லாம் சொல்லி அடிக்கவைத்தேன். கல்வித் தகுதியை மட்டும் காலியாக விடச் சொன்னேன். பூ வைக்க நான்கு நாள் இருக்கும்போது சுமதி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். 'கல்வித் தகுதி: எட்டாம் வகுப்பு' என்று இருந்தது.

மேடம் உடனே அழித்துவிட்டார். ஆனால் இரண்டு நாளாக அது அங்கே கிடந்திருக்கிறது. பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும், சரி. என் எட்டாவது யாருக்குத் தெரியும்? தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் செத்துப்போனார். நேரே ஃபிட்டர் ஷெட்டுக்குப் போனேன். கலியபெருமாள் அரத்தைக் கீழே வைக்காமலே பேசினான்.

"யாரு போட்டாங்கன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்? ஏழாவதுன்னு போடாம விட்டாங்களேன்னு சந்தோஷப்படுங்க."

திருமானூரிலிருந்து வந்த தாள்கள்

மறுநாள் வகுப்பு நடக்கும்போதே மாப்பிள்ளையின் அப்பா நிலையத்துக்கு வந்துவிட்டார். கையில் மடித்த தாள்கள். முன்பெல்லாம் சம்பந்தம் பேசுகிறவர்கள் டீக்கடையிலும் சலூனிலும் விசாரிப்பார்கள். இவர் மகன் திருச்சியில் உட்கார்ந்தபடியே என்னை முழுசாகப் பிரிண்ட் அவுட் எடுத்து அனுப்பியிருக்கிறான். முதல் தாளிலேயே எட்டாம் வகுப்பு.

"அந்த டிப்ளமா விஷயம், தரகர்தான்..." என்று இழுத்தேன். "அது கெடக்குது, இதப் படிங்க" என்று அடுத்த தாளை நீட்டினார். நான் எழுதிய பதிவுதான். கரண்ட் குறைந்தால் மோட்டாரைக் காப்பாற்ற ஸ்டார்ட்டர் தானாக நின்றுவிடும். திருமானூர்ப் பக்கம் ஒருவர் அது நிற்காதபடி வேப்பங்குச்சியைச் செருகிவைத்துவிட்டு, மோட்டார் எரிந்ததும் கம்பி சுற்றியவனைத் திட்டுவார் என்று ஒரு மெக்கானிக் சொல்லியிருந்தார். யார் என்று நான் கேட்கவில்லை, கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன். 'இப்படிப்பட்ட அறிவாளியை நான் பார்த்ததில்லை' என்று கடைசியில் சொந்தமாக ஒரு வரியும் சேர்த்திருந்தேன்.

"பேரு போடலைங்களே" என்று முனகினேன்.

"பேரு போடலை. ரெண்டு கெணறு, கரும்புக்காடு, காதுல கடுக்கன்னு போட்டிருக்கீங்க. திருமானூர்ல அது வேற யாருங்க?"

அவர் காதில் கடுக்கன் மின்னியது. மூன்று தடவை வீட்டுக்கு வந்தவர்தான், என் எட்டாவதை எண்ணிப் பயந்துகொண்டிருந்ததில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. என் மகள் புதுப்புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தாள். சம்பந்தம் முறிந்தது என்று வீட்டில் போய் எப்படிச் சொல்வது? பையன்கள் எல்லாம் சுற்றுகிற கம்பியை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவர் தாள்களை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"வெள்ளிக்கிழமை பூ வைக்க வர்றோம். உங்க எட்டாவதை நான் யார்கிட்டயும் எடுக்க மாட்டேன். அதுக்குள்ள என் குச்சியை அந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்துடுங்க சம்பந்தி."

நம்மைப் பற்றி அடுத்தவன் எழுதினால் துரோகம், அடுத்தவனைப் பற்றி நாம் எழுதினால் அனுபவம் என்பதுதான் வலைப்பூ எழுதி நான் தெரிந்துகொண்டது என்றாலும், அதற்காகக் கலியபெருமாளை மன்னிக்கச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம்.