மறைந்த மூன்று விளக்குகள்

கரியைப் போலக் கறுத்த பெரிய சிறுகோள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அது ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நேரத்தை வைத்துத்தான் அதன் அகலத்தை அளக்கிறார்கள். நூலகத்தில் இதைப் படித்ததும் எனக்கு மண்ணெண்ணெய் வாசம் வந்தது.

ஏழு வயதில், விடியுமுன் தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் அம்மாவை எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று பார்ப்பேன். எதிர்ச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களின் லாந்தர்கள் வரிசையாக ஏறும். ஒருநாள் நடுவில் மூன்று விளக்குகள் மறைந்து, மீண்டும் தெரிந்தன.

மாலையில் கேட்டேன். "ஏம்மா வெளக்க அணைச்ச?"

"யாருடி அணைச்சா? ஸ்கூலுக்குப் போறவ, பேய்க்கத பேசாத லா!"

அம்மாவின் அருகில் ஏதோ நின்று விளக்குகளை மறைத்தது என்று பயந்து, அன்றிலிருந்து தினமும் அவள் நெற்றியில் திருநீறு பூசித்தான் அனுப்பினேன்.

குடும்பத்தில் முதலில் படித்தவள் என்ற பெருமையோடு, நூலகத்தில் அந்தப் புத்தகத்தின் படத்தைப் பார்த்தேன். சிறுகோள் நட்சத்திரத்தின் அருகில் இல்லை. பார்ப்பவர் பக்கம் இருந்தது.

அம்மாவின் அருகில் எதுவும் நிற்கவில்லை. அன்று விளக்குகளை மறைத்த அது நின்றது என் வாசலுக்கு எதிரே.