சின்னத்தைக்குச் சாமி வந்த செவ்வாய்க்கிழமை

எழுதத் தெரிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ரப்பர் கையுறைகளில் காற்றடைத்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இசையைப் பற்றியோ மனத்தைப் பற்றியோ பேச எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. பேச வராததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஆண்டு என் மகளுக்குத் தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் இசை படிக்க இடம் கிடைத்தது. பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட அன்று, பெற்றோரையெல்லாம் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து, ஓர் அம்மையார் இசை மாணவர்களின் மன நலத்தைப் பற்றிப் பேசினார். மேடைப் பயம், தூக்கம் கெடுவது, கை நடுங்குவது, அதற்கெல்லாம் அவர்கள் கொடுக்கும் பயிற்சி என்று பொறுமையாக மலாயில் விளக்கினார். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு தகப்பனார் என் பக்கம் சாய்ந்து, "பீப்பீ ஊதப் போற புள்ளைங்களுக்கு என்னாலா பயம்?" என்றார். நான் சிரித்து வைத்தேன். முடிவில் அந்த அம்மையார், யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு இருந்தது. கையைத் தூக்கவில்லை.

சொல்லாமல் விட்டது இதுதான்.

அப்பாவின் கடைசித் தங்கையை நான் சின்னத்தை என்று கூப்பிடுவேன். அப்போது நாங்கள் சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்து வீட்டில் இருந்தோம். ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு முடித்திருந்த காலம். சின்னத்தை இடைநிலைப் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கப் பழகி, அதையே பிடித்துக்கொண்டு அதே தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகம் வரை போய்விட்டாள். முடித்தால் இசை ஆசிரியை. கிளாரினெட்டைத் தோட்டத்தில் 'குட்டி நாயனம்' என்றார்கள். கறுப்பாக, கையடக்கமாக இருந்ததால் அந்தப் பெயர்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாமாண்டில் படித்தபோது, சோதனைக்கு முன் கொடுத்த விடுமுறையில் சின்னத்தை வீட்டுக்கு வந்தாள். வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை. பகலில் கூடத்துப் பலகைத் தரையில் மல்லாந்து படுத்து, என் பாடப் புத்தகத்தை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, அது ஏறி இறங்குவதைப் பார்த்தபடி மூச்சு விடுவாள்.

"வயித்து வலியா? ஓமத் தண்ணி வெக்கட்டா?" என்றாள் அம்மா.

"இது பயிற்சி அண்ணி. மூச்சு நிதானமா வர்றதுக்கு. எங்க லெக்சரர் சொல்லிக் கொடுத்தாங்க."

"படுத்துக் கெடக்குறது பயிற்சின்னா, ஒங்கண்ணன் எந்நேரம் பெரிய வித்துவான் ஆயிருக்கணும்."

அப்பாவின் லாரியில் உதவியாளாக இருந்த அண்ணன் ஒருவர் காலையில் பசியாற எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் வாசலில் நின்றபடியே இதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இப்படியே வுட்டா தஞ்சோங் ரம்புத்தான்லேருந்து வேன் வந்துரும் போல" என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் அந்தப் பெரிய மனநல ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லாமல் கேலி பேசத் தெரியாது. அம்மா கரண்டியைத் தூக்கி, "வாயைக் கழுவிட்டு வந்து சாப்பிடு" என்றாள். சின்னத்தையும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டுதான் தரையில் படுத்தாள்.

உண்மையை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். பெரியவர்களிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஏற்ற வயது எனக்கு. போன சோதனையில் சோதனையாளர்கள் முன்னால் நின்றதும் அவளுக்குக் கை நடுங்கியிருக்கிறது. குழல் ஒரு கீச்சுச் சத்தம் போட்டிருக்கிறது. அவ்வளவுதான், வணக்கம்கூடச் சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். இப்போது இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள். இதற்குமேல் கிடையாது.

"இந்தத் தடவையும் வெளிய ஓடிட்டேன்னா படிப்பு முடிஞ்சிச்சி பாப்பா. நானும் ஒங்கம்மா கூட செம்பனைப் பழம் பொறுக்கப் போவ வேண்டியதுதான்."

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் ஏற்கெனவே தோட்டம் முழுக்க அவளை டீச்சராக்கி முடித்திருந்தார்.

அவளுடைய விரிவுரையாளர் ஒரு சீனப் பெண்மணி. அவருக்கும் ஒரு காலத்தில் நடுங்கியதாம். மனிதர்கள் முன்னால் போய் வாசி, அதுவும் தெரிந்த மனிதர்கள் முன்னால் வாசி, அவர்களைத்தான் சமாளிப்பது கஷ்டம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். முதல் மனிதராக நான் அமர்த்தப்பட்டேன். நாற்காலியில் சோதனையாளரைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், சிரிக்கக் கூடாது, நடுவில் இருமலாம், சட்டி மூடியைக் கீழே போட்டுச் சத்தம் உண்டாக்கலாம். நான் உண்மையாக உழைத்தேன். அம்மாவின் மூடிகள் இரண்டு நெளிந்தன. அந்த நடுக்கத்தை நிறுத்துவது என் பொறுப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் முன்னால் அவளுக்கு நடுங்கவே இல்லை.

"நீ பத்தாது பாப்பா" என்றாள் கடைசியில். அப்பாவிடம் போனாள். "அண்ணே, செவ்வாய்க்கெழம கோயில்ல பூச முடிஞ்சதும் ஒரு அஞ்சாறு பேரு முன்னால வாசிச்சிப் பாக்கணும். மறுநாளுதான் சோதனை."

அப்பா கோயில் நிர்வாகத்தில் இருந்தவர். அவருக்கு எதையும் சின்னதாகச் செய்ய வராது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போனபோது, சுங்காயிலிருந்து லாரியில் வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒரு வாளியில் ரோஸ் நிறத்தில் சிரப் தண்ணீர் கலக்கியிருந்தது. மைக் இருந்தது. தோட்டமே இருந்தது.

"அண்ணே! அஞ்சாறு பேருதானே கேட்டேன்?"

"அஞ்சாறு பேரு வந்தா எனக்கு என்னா மரியாதை? நீ பேசாம ஊது."

சோதனைக்குப் போடும் உடையிலேயே பழக வேண்டும் என்பதும் அந்த விரிவுரையாளர் சொன்னதுதான். ஆகவே சின்னத்தை வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக நின்றாள். பூசை முடிந்தது. அப்பா மைக்கைப் பிடித்து, தோட்டத்தின் முதல் பட்டதாரி என்று ஆரம்பித்து, எங்கள் குடும்பத்தின் பெருமைகளை எனக்கே தெரியாத அளவுக்கு எடுத்துச் சொன்னார். பிறகு மைக்கைக் குழலுக்கு நேராக நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

அவள் ஆரம்பித்தாள். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அந்த இசை மனப்பாடம் என்பதால் அடுத்து வருவது தெரியும். கூட்டத்துக்குத் தெரியாது. முன் வரிசையில் யாரோ, "சினிமா பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டார்கள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்க ஆரம்பித்தன. அடுத்த கணம் குழல், கோழியை மிதித்ததுபோல் ஒரு சத்தம் போட்டது. மைக் அதைச் செம்பனைத் தோப்பு வரைக்கும் கொண்டுபோனது.

லாரி அண்ணன் பின்னாலிருந்து, "பாத்து ஊதுக்கா, பாம்பு வந்துரும்லா!" என்று கத்தினார். இளைஞர்கள் சிரித்தார்கள்.

சின்னத்தை நிறுத்தினாள். கண்ணை மூடினாள். கற்றுக்கொடுத்தபடியே மூக்கால் ஆழமாக மூச்சை இழுத்து, வாயால் 'உஸ்ஸ்' என்று மெல்ல விட்டாள். மறுபடியும் இழுத்தாள், மறுபடியும் விட்டாள். ஆனால் நடுக்கம் குறையவில்லை. விரல்களிலிருந்து தோளுக்கு ஏறியது, முழங்காலுக்கு இறங்கியது. தலையை ஆட்டிக்கொண்டதில் கொண்டை அவிழ்ந்து முடி முதுகில் விழுந்தது.

மாரியம்மன் சன்னதி. செவ்வாய்க்கிழமை. கற்பூரப் புகை இன்னும் அடங்கவில்லை. கண்ணை மூடி, உஸ்ஸென்று மூச்சுவிட்டு, தலைவிரி கோலமாக ஒரு பெண் நடுங்குகிறாள். அங்கிருந்தவர்களுக்கு இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் தெரியும்.

"ஆத்தா வந்துட்டாடீ!" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா எழுந்து நின்று கத்தினாள்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குலவைச் சத்தம் எழுந்தது. யாரோ உடுக்கையை எடுத்து அடித்தார்கள். வேப்பிலைக் கொத்து வந்தது. ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் சின்னத்தையின் தலையில் கவிழ்ந்தது. அதற்குள் அம்மா பாய்ந்து கிளாரினெட்டைப் பிடுங்கிச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். சாமி வந்தாலும் அது பல்கலைக்கழகத்துச் சாமான் என்பது அம்மாவுக்கு மறக்கவில்லை. அப்பா மைக்கை நீட்டியபடியே வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

பூசாரி திருநீற்றை அள்ளி அவள் நெற்றியில் அப்பி, "சொல்லு தாயே, ஒனக்கு என்னா வேணும்?" என்றார். பாம்பு வரும் என்று கத்திய லாரி அண்ணன்தான் எல்லாருக்கும் முதலில் அவள் காலில் விழுந்தார். "ஆத்தா, லாரி லைசென்சு டெஸ்ட்டுல மறுபடியும் பெயிலாயிட்டேன். ஏதாச்சும் வழி காட்டு தாயே."

சின்னத்தை கண்ணைத் திறந்தாள். முகத்தில் மஞ்சள் தண்ணீர் வழிந்தது. அவள் பார்வை நேராகக் கோயில் வாசலுக்குப் போனது. ஓடப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வாசலில் யாரும் மறித்து நிற்கவும் இல்லை. இப்போது ஓடினால் நாளையும் ஓடுவாள் என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கு அழுகை வந்தது.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். சிரிப்பவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுக்கம் நின்றுவிடுமோ என்பதுதான் அவர்கள் கவலையாக இருந்தது.

"வாசிக்கணும்" என்றாள்.

"என்னா தாயே?"

"நான் வாசிக்கணும். முழுசா வாசிக்கணும். விடுங்க."

பூசாரி கையை உயர்த்தினார். "ஆத்தா பாட்டு கேக்குறா! எல்லாரும் உக்காருங்க!"

அம்மா சேலைக்குள்ளிருந்து குழலை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். சின்னத்தை அதை வாங்கி, முதலிலிருந்து தொடங்கினாள். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குழல் கீச்சிட்டது. கீச்சிட்டபோதெல்லாம் பெண்கள் குலவை போட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. நடுவில் மெதுவாகப் போகும் ஒரு பகுதி வரும். அதற்கு உடுக்கைகூடத் தானாக அடங்கிவிட்டது. அந்த இசை எந்த நாட்டுக்காரர் எழுதியது, எதற்கு எழுதியது என்று அங்கே யாருக்கும் தெரியாது. பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடைசிப் பகுதி, கடைசி வரி, கடைசிச் சுரம் வரை வாசித்துவிட்டுச் சின்னத்தை குழலை இறக்கினாள். பூசாரி கற்பூரத்தைக் காட்டி, சாமி மலையேறிவிட்டது என்றார். பிறகு எல்லாரும் சிரப் தண்ணீர் குடித்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா தாழ்ந்த குரலில், "ஏம்மா, நெசமாவே வந்துச்சா?" என்று கேட்டாள்.

"தெரியல அண்ணி. ஏதோ ஒண்ணு வந்துச்சி. நான் வாசிச்சிக்கிட்டே இருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சின்னத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள். அப்பா நாலடி பின்னால் வந்தார். தங்கையைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல், அன்று இரவு முழுக்க அவளை 'நீ' என்று கூப்பிடவே தயங்கினார்.

சின்னத்தை குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். சோறும் ரசமும் பொரித்த கருவாடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்தேன். சோற்றைப் பிசையும்போது விரல்கள் இன்னும் லேசாக நடுங்கின.

"சின்னத்தை, இன்னும் நடுங்குது" என்றேன்.

"ஆமாலா பாப்பா. நடுங்கட்டும். அந்தக் கருவாட்ட இங்குட்டுத் தள்ளு."

நான் மூடி போட்டும் நிற்கவில்லை, தோட்டமே கூடியும் நிற்கவில்லை, மாரியம்மனே இறங்கி வந்தும் நிற்கவில்லை. நாளைக்கும் நடுங்கத்தான் போகிறது. எல்லாம் வீணாய்ப் போயிற்று. இது தெரியாமல் அம்மா இன்னும் சோறு போடுகிறாள், இவளும் வாங்கிச் சாப்பிடுகிறாள். பாயில் படுத்ததும் சின்னத்தை தூங்கிப்போனாள், ஒரு வாரமாகத் தூங்காததையெல்லாம் சேர்த்துத் தூங்குவதுபோல. அவளுக்கும் சேர்த்து நான் கவலைப்பட்டுக்கொண்டு கிடந்தேன். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருத்தி எப்படி இவ்வளவு நிம்மதியாகக் குறட்டை விட முடியும் என்று அவள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது.

மறுநாள் அப்பா அவளை லாரியில் தஞ்சோங் மாலிமுக்குக் கொண்டுபோய் விட்டார். பிற்பகல் சோதனை. அங்கேயும் கை நடுங்கியதாம். கடைசி வரை வாசித்து, வணக்கம் சொல்லிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள்.