பங்காளி ஆஸ்பத்திரி

வத்திராயிருப்பில் மலைச்சாமி ஏறாத தென்னை இனிமேல்தான் நடப்பட வேண்டும் என்பார்கள். இருபத்தேழு வருஷம் ஏறியவர், ஒருமுறைகூட விழுந்ததில்லை. அவரைக் கவிழ்த்தது கழுத்தில் சுண்டைக்காய் அளவுக்கு வந்த ஒரு கட்டி.

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று மனைவி மாரீஸ்வரி சொன்னார். மலைச்சாமி கேட்கவில்லை. ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் வல்லரசு அவருக்குப் பங்காளி மகன், ஒரே குலசாமி. அவரை விட்டுவிட்டு வேறு இடத்தில் கத்தி வைத்துக்கொண்டால், சிவராத்திரிக்குக் கோயிலில் யார் முகத்தில் முழிப்பது? அரை மணி நேரத்தில் கட்டியை எடுத்தாயிற்று. ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்துக்கு நீட்டிய தாளை மலைச்சாமி வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரியாதவர் இல்லை. டீக்கடைப் பேப்பரை வரிவிளம்பரம் உட்பட வாசிப்பவர்தான். பங்காளி நீட்டிய தாளை வாசித்துப் பார்ப்பது சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார்.

தையல் பிரித்த பிறகும் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்றார் வல்லரசு. அடுத்த முறை போனபோது, மரம் ஏறி ஏறித் தேய்ந்த தோள் என்றார். மலைச்சாமி அதையும் நம்பினார். பழியை மரத்தின் மேல் போட்டுவிட்டால் மனுஷரோடு சண்டை இல்லை. ஒன்றேகால் வருஷம் தைலம் தேய்த்தார். சட்டையை மாரீஸ்வரிதான் மாட்டிவிட்டார்.

பொறுத்துப் பார்த்த மாரீஸ்வரி ஒருநாள் அவரை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனார். கரண்ட் வைத்துச் சோதித்த டாக்டரம்மா, கட்டியை எடுத்தபோதே தோளுக்குப் போகிற நரம்பும் அறுபட்டிருக்கிறது என்றார். ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் ஒட்டுப் போட்டுப் பார்த்திருக்கலாம், இனி கஷ்டம்.

மறுநாள் மலைச்சாமி ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார். சண்டைக்கு அல்ல. அப்படியெல்லாம் இல்லை என்று வல்லரசு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பிவிட்டுத் திரும்பியிருப்பார். வல்லரசுக்கோ அன்றைக்குத்தான் உண்மை பேச வந்தது.

"அன்னைக்கே தெரியும் சித்தப்பா. சொன்னா பயந்துருவீகன்னுதான் சொல்லல."

வல்லரசு வயதில் சின்னவர் என்றாலும் அதுவரை அவரை 'டாக்டரு' என்றே கூப்பிட்டுவந்தவர் மலைச்சாமி.

"ஏலே, பயந்திருந்தா அப்பவே மதுரைக்குப் போயிருப்பேன்லா."

வல்லரசு காபி கொண்டுவரச் சொன்னார். அது வந்து மேசையில் ஆறியது. பங்காளி இடத்தில் கை நனைக்காமல் மலைச்சாமி எழுந்து போனது அதுவே முதல் தடவை.