கூடு வந்துருச்சா?

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கிற நேரமாகப் பார்த்து என் மாமனார் எழுமலையிலிருந்து வந்து இறங்கினார். எப்போதும் கையில் ஒரு பை தட்டைப்பயறு இருக்கும். அன்று வெறுங்கை. சாப்பிட உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தார். உள்ளே ஒரு மாத்திரை.

“என்ன மாமா இது?”

“நேத்து முழுங்குன பிரஷர் மாத்திரை. காலையில அப்படியே முழுசா வெளிய வந்துருச்சு. பயப்படாத ஆத்தா, நல்லாக் கழுவிட்டேன்.”

என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். என்னால் போக முடியாது. கப்பலூரில் ஒரு மாத்திரைக் கம்பெனியில், மாத்திரைக்கு மேல்பூச்சு ஏற்றும் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்தபந்தத்தில் யாருக்கு எந்த மாத்திரை கேட்கவில்லை என்றாலும் குற்றவாளி நான்தான். இது எங்கள் கம்பெனி மாத்திரையே இல்லை என்றேன்.

“அம்புட்டுப் பயலும் கூட்டுக் களவாணிதான். மருந்து கரையவே இல்ல, பாரு. போன வாரமும் இப்படித்தான் வந்துச்சு, அதான் ஒரு வாரமா இடிச்சுப் பொடியாக்கித் திங்கிறேன். நேத்து மட்டும் உனக்குச் சாட்சி காட்டணும்னு முழுசா முழுங்குனேன்.”

“இடிச்சா?”

“இடிச்சுத் தின்னாத்தான் கிர்ருனு தலை சுத்துது. அப்பத்தான மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்? முந்தாநாள் கெணத்துப் படியில உக்காந்தவன், எந்திரிக்க முடியாம அங்கனயே கெடந்தேன்.”

நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டிய மருந்து அது. இடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும், பிரஷர் தடாலென்று விழும். அத்தை போன பிறகு தோட்டத்து வீட்டில் அவரும் இரண்டு மாடுகளும்தான். கிணற்றுப் படியில் மயங்கி விழுந்தால் மாடுகளா ஆள் கூட்டிவரும்? எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன்.

“ஏமாத்துனவன விட்டுட்டு என்னைய ஏசு” என்றார் மாமா, எலும்பைக் கடித்தபடி.

பேசிப் பயனில்லை. பிளேடை எடுத்து வந்து அவருடைய சாட்சியை இரண்டாக வகிர்ந்தேன். உள்ளே கொஞ்சம் வழவழப்பைத் தவிர ஒன்றும் இல்லை. “மருந்தெல்லாம் வயித்துக்குள்ள எறங்கிருச்சு மாமா. வந்தது வெறும் கூடு. இந்தா, ஊசி முனை அளவுக்கு ஓட்டை தெரியுதா? தண்ணி உள்ள ஊறி, மருந்து இது வழியாத்தான் கசியும்.”

கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். “மொதல்லயே மருந்து போடாம வித்திருந்தா?”

அதற்கும் விடை வைத்திருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கிப் புது மாத்திரை ஒன்றைப் பிதுக்கி அதையும் வெட்டினேன். உள்ளே நிறைய மருந்து. “ஒரு மாத்திரையப் பாழாக்கிட்டியே” என்று உச்சுக்கொட்டினார்.

“சரி, கூடு ஏன் கரையல? பிளாஸ்டிக்கா?”

“செல்லுலோஸ் மாமா. மரக்கூழுல எடுப்பாங்க, இல்லன்னா பருத்திக் கொட்டையில ஒட்டிக் கெடக்குமே குறும்பஞ்சு, அதுல எடுத்துப் பக்குவம் பண்ணுவாங்க.”

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. ஆயுசு முழுக்க மானாவாரியில் பருத்தி போட்டவர். “பருத்தியா? நம்ம பருத்தி மாரை, அந்தக் காஞ்ச செடிய மாடு திங்குதே, செரிக்குதே?”

“மாட்டுக்குச் செரிக்கும். நமக்குச் செரிக்காது. அந்தத் தைரியத்துலதான் இதுக்குள்ள மருந்த வெக்கிறாங்க.”

“பருத்தின்னு மொதல்லயே சொல்லிருந்தா நான் எதுக்கு பஸ் ஏறி வாரேன்?” என்று சோற்றைப் பிசைந்தார். மறுநாள் டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, அதே மாத்திரையை முழுசாக விழுங்கச் சொல்லி, தன் பங்குக்கும் திட்டி அனுப்பினார். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. பஸ் ஏற்றும்போது, “கூடு முழுசா வந்துச்சான்னு தெனமும் எனக்குச் சொல்லணும். சும்மா முழுங்கிட்டேன்னு சொன்னா நம்பமாட்டேன்” என்று மிரட்டினேன். என் வாய்க்கொழுப்பு, வேறென்ன.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் நான் கம்பெனி வேனில் இட்லி டப்பாவைத் திறக்கும் நேரத்தில் போன் வரும். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், குரல் ரொம்பப் பெரிசு. “ஆத்தா, வந்துருச்சு!” பக்கத்து சீட்டுப் பெண்கள், “என்னக்கா வந்துச்சு?” என்பார்கள். கூரியர் என்று சொல்லிவைத்தேன். எழுமலைக்குத் தினமும் கூரியரா என்று அவர்கள் வியந்தார்கள்.

போன வாரம் ஒருநாள் போன் வரவில்லை. வேன் திருப்பரங்குன்றம் தாண்டியது. நான் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அந்தக் கிணற்றுப் படிதான் கண்ணுக்குள் நின்றது. இட்லி டப்பா திறக்காமலே மடியில் கிடந்தது. என் முகத்தைப் பார்த்து வேனில் பாட்டைக்கூட நிறுத்திவிட்டார்கள். கப்பலூர் நெருங்கும்போது மணி அடித்தது.

“ஆத்தா, செல்போனை மாட்டுக் கொட்டத்துல வெச்சுட்டு மறந்துட்டேன்...”

வேனில் யார் இருக்கிறார்கள் என்பதே எனக்கு நினைவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். “மாமா, கூடு வந்துருச்சா?”

“வந்துருச்சுத்தா. முழுசா.”

அழுதுகொண்டே டப்பாவைத் திறந்தேன்.