நாலரை விரலும் கீழ்க் கண்ணும்

உசிலம்பட்டி மாட்டுச் சந்தையில் தரகர் பேயாண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. கையைத் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவது அங்கே வழக்கம். பேயாண்டிக்குச் சோத்தாங்கைச் சுண்டுவிரல் பாதிதான். இளவட்டத்தில் ஒரு காளையின் கயிறு சுற்றி இழுத்ததில் மீதி போய்விட்டது. அதனால் ‘நாலரை விரல்’ என்றே சந்தையில் பெயர். துண்டுக்குள் அவர் கையைப் பிடித்தவன், முகத்தைப் பார்க்காமலே இன்னார் என்று சொல்லிவிடுவான்.

சந்தேகம் என்றால் அப்படி ஒரு சந்தேகம் அவருக்கு. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, விற்க வந்தவன் பல்லையும் ஒரு தரம் பார்ப்பார். வீட்டில் காப்பி கொடுத்தால்கூட டம்ளரைச் சாய்த்து அடியைப் பார்த்த பிறகுதான் குடிப்பார். அதைக் குறையென்று சொல்லக் கூடாது. முப்பது வருசம் மாட்டுச் சந்தையில் நின்ற மனுசர் வேறு எப்படி இருப்பார்?

எழுபத்தெட்டாம் வருசம் மாட்டுப் பொங்கலுக்கு, அவர் பெண்டாட்டி சின்னத்தாய் செவலைக் காளையோடு ஒரு போட்டோ வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கன்றாக இருந்தபோதே தாய் செத்துப்போய், அவள் கஞ்சி ஊற்றி வளர்த்த காளை அது. பீச்சாங்கைப் பக்கத்துக் காது நுனி வேலிமுள்ளில் கிழிந்து இரண்டாகத் தொங்கும்.

கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த வெள்ளைத்துரை சைக்கிளில் வந்தான். கழுத்தில் தோல்வாரோடு ஒரு கருப்புப் பெட்டி. முன்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கண். கீழ்க் கண்ணுக்கு மட்டும் மூடி இருந்தது. மேல் கண்ணின் மூடி தொலைந்து பல நாளாயிற்று. பெட்டியின் உச்சியில் நான்கு தகடு பூ விரிகிற மாதிரி விரியும். அதற்குள் தலையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னக் கைப்பிடி. ஒவ்வொரு படத்துக்கும் அதைச் சுற்றினால்தான் பிலிம் நகரும். சுருளுக்குப் பன்னிரண்டு படம்.

பேயாண்டிக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை.

“தம்பி, எங்களைத்தான படம் பிடிக்கணும்? நீ எதுக்கு உன் வயித்தைப் பாக்குற?”

“குனிஞ்சுதாண்ணே பாக்கணும். உள்ள கண்ணாடி இருக்கு.”

“மூடி வச்சு நடக்குற சோலியெல்லாம் எனக்குத் தெரியும். நானும் துண்டுக்குள்ளதான் முப்பது வருசமாப் பேசுறேன். தள்ளு, நான் பாக்குறேன்.”

சின்னத்தாய் காளையைப் பிடித்துக்கொண்டு நிற்க, பேயாண்டி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே பெண்டாட்டியும் காளையும் சின்னதாக, பளிச்சென்று தெரிந்தார்கள். ஆனால் செவலையின் கிழிந்த காது சோத்தாங்கைப் பக்கம் இருந்தது. சின்னத்தாயின் மாராப்பு தோள் மாறிக் கிடந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. திரும்பக் குனிந்தார். மறுபடி மாறிக்கொண்டது.

“பொய்ப் பெட்டி,” என்றார்.

“மேல் கண்ணு வெறுமனே பாக்குறதுக்குண்ணே. அதுலதான் பக்கம் மாறித் தெரியும். படம் பிடிக்கிறது கீழ்க் கண்ணு. அதுல மாறாது.”

“ரெண்டு கண்ணு ரெண்டு சாட்சி சொன்னா எதை நம்புறது? ஒண்ணும் வேணாம், கட்டிக்கிட்டுக் கிளம்பு.”

சொன்னவர் விறுவிறுவென்று போய், காளையின் மூக்கணாங்கயிற்றைச் சோத்தாங்கையால் பிடித்துத் தொழுவத்துக்கு இழுத்தார். அந்த நேரம் பார்த்து வெள்ளைத்துரை பித்தானை அமுக்கிவிட்டான். ‘டிக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். படம் போட்டுத் தரட்டுமா என்று இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டான். பேயாண்டி வாங்கவில்லை. சின்னத்தாய் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவரோ சந்தை சந்தையாக, டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். “போட்டோப் பெட்டி எடத்தை வலமாக் காட்டும்யா. என் கண்ணால பாத்தேன். நம்பாதீக.”

ஆடி மாதம் மேய்ச்சலுக்குப் போன செவலை வீடு திரும்பவில்லை. சோடி மாடு மயிலை ஒற்றையாக நின்று கத்தியது. சின்னத்தாய் தொழுவத்துப் பக்கம் போவதையே விட்டாள். பேயாண்டி சுற்றாத சந்தை இல்லை. கார்த்திகையில் வாடிப்பட்டிப் பக்கம் போனபோது, மலையாண்டி என்ற சம்சாரியின் ஏரில் செவலை நின்றது. அதே கிழிந்த காது.

மலையாண்டி திருடன் இல்லை. ஏதோ ஒரு சந்தையில் ஊர் தெரியாத ஆளிடம் விலைக்குப் பிடித்த மாடு. ஆனால் விடுவானா? ஊர்ச் சாவடியில் பேச்சு வைத்தார்கள். ஊர்ப் பெரியவர் அழகுமலை கேட்டார். “காது கிழிஞ்சிருக்குன்னு மாட்டைப் பாத்துக்கிட்டே யாரும் சொல்லலாம். மாடு காணாமப் போறதுக்கு முந்தின சாட்சி என்ன இருக்கு?”

பொங்கலன்று வெள்ளைத்துரை அமுக்கிய பித்தான் பேயாண்டிக்கு ஞாபகம் வந்தது. நேரே உசிலம்பட்டிக்கு பஸ் ஏறினார்.

ஸ்டுடியோ வாசலில் அவரைக் கண்டதும் வெள்ளைத்துரை ஸ்டூலை இழுத்துப் போட்டான். “வாங்கண்ணே. பொய்ப் பெட்டிகிட்ட என்ன சோலி?”

“குத்திக் காட்டாம படத்தைக் குடுப்பா.”

அவன் நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். அதில் செவலை வெள்ளை வெளேரென்று நின்றது. பேயாண்டியின் கருத்த மீசை நரைத்துக் கிடந்தது. திருப்பிப் பிடித்தால் கிழிந்த காது பக்கம் மாறியது.

“இந்தா, இதுவும் மாறுது பாரு.”

“பளபளப்புப் பக்கம் உங்களைப் பாத்து இருக்கணும்ணே. அதான் நேர்ப்பக்கம்.”

அதையும் அவர் நம்பவில்லை. வேறு வழியில்லாததால் பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சாவடி முன்னால் செவலையைக் கட்டிப்போட்டிருக்க, படம் கைக்குக் கை மாறியது. சின்னப் பிள்ளை பார்த்தாலும் அதே காளைதான் என்று சொல்லும், அப்படி இருந்தது படம். மலையாண்டி மட்டும் சிரித்தான்.

“பேயாண்டிண்ணே, செக்கானூரணி டீக்கடையில நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா? இந்தப் பெட்டி எடத்தை வலமாக் காட்டும்னு. நானும் அந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். படத்துல பீச்சாங்கைப் பக்கம் கிழிஞ்சிருந்தா, உங்க மாட்டுக்குச் சோத்தாங்கைப் பக்கம்ல கிழிஞ்சிருக்கணும்? அப்ப இது உங்க மாடு இல்ல.”

சாவடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அவர் வாயாலேயே அந்தச் சேதி போயிருந்தது. ஒரு வருசமாக ஊரெல்லாம் சொன்ன பேச்சு, இப்போது காளைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றது.

படத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். செவலையின் காதைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சோத்தாங்கை மேல் போட்டு மூடினார். “மலையாண்டி, போன வருசம் உனக்கு ஒரு பசுவு பேசிவிட்டேன்ல. அதே மாதிரி உள்ள கைய விடு. விரலைப் பிடிச்சுப் பாத்து ஐயாகிட்டச் சொல்லு.”

மலையாண்டி தயங்கித் தயங்கிக் கையை விட்டான். “நாலரை,” என்றான்.

“இது எந்தக் கை?”

“சோத்தாங்கை.”

“இப்பப் படத்தைப் பாரு. அரை விரல் எந்தக் கையில இருக்கு?”

அழகுமலை படத்தை வாங்கி வெயிலில் பிடித்தார். கயிற்றை இறுக்கிப் பிடித்த சோத்தாங்கையில், பாதிச் சுண்டுவிரல் துருத்திக்கொண்டு தெளிவாகத் தெரிந்தது. “கை மாறலைன்னா காதும் மாறலைப்பா,” என்றார். மலையாண்டி குனிந்து காளையின் தும்புக் கயிற்றை அவிழ்த்தான்.

“அப்ப பெட்டி பொய் சொல்லலைன்னு ஒத்துக்கிறீரா?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

“நான் சொன்னது மேல் கண்ணை. அது இன்னைக்கும் பொய்தான் சொல்லும்,” என்றார் பேயாண்டி.

அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு அவரே வெள்ளைத்துரையைக் கூட்டி வந்தார். சின்னத்தாய் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெள்ளைத்துரை தகட்டை விரித்து, குனிந்து, “அசையாதீக,” என்றான்.

“இரு,” என்று காளை பக்கத்தில் நின்ற பேயாண்டி திரும்பி வந்தார். பெட்டியின் முன்னால் குந்தி, கீழ்க் கண்ணை விரலால் தட்டிப் பார்த்தார். தோல் மூடி கழற்றாமல் அப்படியே இருந்தது. மேல் கண்ணில் எல்லாம் அழகாகத் தெரிந்ததால் வெள்ளைத்துரை அதைக் கவனிக்கவே இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“மேல் கண்ணை நம்பாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேன்,” என்று மூடியைக் கழற்றி அவன் பையில் போட்டுவிட்டு, பேயாண்டி போய் நின்றார். சோத்தாங்கையால் கயிற்றைப் பிடித்து, அந்தக் கையை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்தார்.

“கைய ஏன் இப்படி நீட்டுறீக? இயல்பா நில்லுங்க,” என்றாள் சின்னத்தாய்.

“நீ சும்மா இரு. தம்பி, அரை விரல் தெரியுதா பாரு.”