தொடும் இடம் சொல்லாமல் ஒரு பாடம்

‘உன் உடம்பு உன்னுடையது’ என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தருவது சுலபமான தொழில்தான். செய்தி பெரியவர்கள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். என்னைப் போலவே இந்தப் பாடத்தோடு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படத்துக்கு முக்காடு

கரையான்சாவடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. இரண்டாம் வகுப்புக்கு நான் கொண்டுபோன படத்தில் ஒரு குழந்தை ஜட்டி, பனியனோடு நிற்கும். தலைமையாசிரியை அதைப் பார்த்த வேகத்தில் வெள்ளைத்தாளை எடுத்துக் கழுத்திலிருந்து முழங்கால்வரை ஒட்டிவிட்டார். தலையும் காலும் மிஞ்சின.

“எங்கயும் தொட விடக்கூடாதுன்னு சொல்லுங்க மேடம். எங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

மேடையில் ஒரு ‘வேணாம்’

தாளைக் கிழித்துவிட்டுத்தான் பாடம் நடத்தினேன். பிடிக்காமல் யார் தொட்டாலும் ‘வேணாம்’ என்று சத்தமாகச் சொல், விலகிப் போ, நம்புகிற பெரியவரிடம் சொல். பிள்ளைகள் கத்திக் கத்திப் பழகினார்கள்.

அந்த வாரமே ஆண்டு விழா. பரிசு வாங்க வந்த அதே வகுப்பு யாழினியைச் சிறப்பு விருந்தினர் கன்னத்தைக் கிள்ளி, போட்டோவுக்காக மடிமேல் இழுத்தார். “வேணாம்” என்றாள். பக்கத்தில் மைக் இருந்தது. கூட்டம் சிரித்தது, விருந்தினர் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை என்னை ஓரமாக அழைத்தார்.

“கிளாஸ்ல சொல்லிக் குடுத்ததை கிளாஸோட விட்டுட மாட்டாங்களா மேடம்?”

சித்தப்பாவின் கோபம்

அடுத்து யாழினியின் அம்மா வந்தார். வானகரத்திலிருந்து வந்த கொழுந்தனார் முத்தம் கேட்க, பிள்ளை மாட்டேன் என்றுவிட்டதாம். மனிதர் காபியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டாராம்.

“ஆசையா கேட்டாரு. ஒண்ணு குடுத்தா இன்னா தேஞ்சா பூடும்? நீ வந்து இன்னாத்த சொல்லிக் குடுத்தியோ, இப்ப ஸ்கூல் வேன்ல கூட ஏற மாட்டேங்குது.”

முன் சீட்டு

சித்தப்பாவை விட்டுவிட்டேன்; வேனை விட முடியவில்லை. யாழினியை அம்மா பக்கத்திலேயே உட்காரவைத்துக் கேட்டேன். ஓட்டுநர் தினமும் அவளை மட்டும் முன் சீட்டில் உட்காரவைக்கிறார். தொடையில் வைக்கும் கையை எடுக்கச் சொன்னால் எடுப்பதில்லை. சொல்லி முடித்துவிட்டு அவள் என்னைத்தான் பார்த்தாள்.

“வேணாம்னு சொல்ட்டேன். அம்மாகிட்ட சொன்னேன், ஸ்கூலுக்குப் போவாத இருக்க சாக்குன்னு அடிச்சுது. கிளாஸ் மிஸ்கிட்ட சொன்னேன், உக்காருன்னாங்க. இன்னும் யார்கிட்ட சொல்லணும்?”

நல்ல மனுஷர்

அம்மா அழவில்லை. எழுந்து நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார்; நான் பின்னால் ஓடினேன். ஓட்டுநர் நல்ல மனுஷர், குடும்பஸ்தர், பள்ளியின் பெயரையும் யோசிக்க வேண்டும் என்றார் தலைமையாசிரியை. குழந்தையைப் பின் சீட்டுக்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார். கொழுந்தனாருக்காகச் சண்டைக்கு வந்த அதே அம்மா, மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“உன் சீட்டை நீயே வெச்சுக்க. நான் ஸ்டேஷனுக்குப் போறேன், மேடமும் என்கூட வராங்க.”

போனோம், புகார் பதிவானது, ஓட்டுநர் உள்ளே போனார், பள்ளி அதன்பிறகு என்னைக் கூப்பிடவில்லை: பாடம் நடத்துவதால்தான் புகார் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.